30 கணிப்புகளில் தோற்ற பிரதமர்கள்

"கருத்துக்கணிப்பெல்லாம் டிவிக்காரர்கள் நேரத்தை ஓட்டச் செய்யும் வேலை, அதைப் பார்த்தா ஒரு தலைவர் முடிவெடுக்கப் போகிறார்?" என்று கேட்டிருந்தீர்கள். எடுக்கிறார்கள். ஒரு நாட்டில் அதைக் காரணமாகச் சொல்லிப் பிரதமரையே மாற்றியிருக்கிறார்கள், அதுவும் ஒரு தடவையோடு நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவைச் சொல்கிறேன். நான் அங்கே சில வருடங்கள் இருந்தவன். ஞாயிற்றுக்கிழமை இரவு சாப்பிட்டு முடிக்கிற நேரத்தில் நியூஸ்போல் எண் ட்விட்டரில் வந்து விழும், மறுநாள் ஆபீசில் அரசியலே பேசாத ஆள்கூட "பார்த்தாயா, இறங்கிவிட்டான்" என்பான். அதனால் அந்தக் கதையைத்தான் முக்கியமாகச் சொல்லப் போகிறேன், நம்ம ஊருக்குக் கடைசியில் வருகிறேன்.

நியூஸ்போல் என்பது 1985-இலிருந்து நடக்கும் கணிப்பு. வெளியிடுவது 'தி ஆஸ்திரேலியன்' நாளிதழ், அதாவது ரூபர்ட் முர்டாக் குழுமம். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஏறக்குறைய 1,500 பேரிடம், இன்றைக்குத் தேர்தல் வைத்தால் யாருக்குப் போடுவீர்கள் என்று கேட்பார்கள். அங்கே வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தி வாக்களிக்கும் முறை. சின்னக் கட்சிகளின் வாக்கை எல்லாம் கடைசியில் இரண்டு பெரிய தரப்புகளுக்குப் பிரித்துவிட்டால் 52-48 என்பது போல ஒரே ஒரு ஜோடி எண் மிஞ்சும். பத்திரிகைக்கு இதைவிட வசதியான சரக்கு கிடைக்குமா? தலைப்பில் அடங்கும், கிரிக்கெட் ஸ்கோர் போலப் படிக்கலாம், விளக்கமே தேவையில்லை.

சரி, 2015 செப்டம்பர் 14. லிபரல் கட்சியின் டோனி அபாட் பிரதமர். அவர் அமைச்சரவையில் இருந்த மால்கம் டர்ன்புல் பதவியை உதறிவிட்டு, தலைமைக்குப் போட்டியிடப் போகிறேன் என்று செய்தியாளர்களிடம் அறிவித்தார். பொருளாதாரத் தலைமை சரியில்லை என்று ஒரு காரணம் சொன்னார். அதோடு சேர்த்து, தொடர்ந்து 30 நியூஸ்போலில் தோற்றிருக்கிறோம், அபாட் விஷயத்தில் மக்கள் முடிவெடுத்துவிட்டார்கள் என்றும் சொன்னார். அன்று இரவே லிபரல் கட்சி எம்.பி.க்கள் கூடி வாக்களித்தார்கள். 54-44. அபாட் வெளியே.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு தனியார் பத்திரிகை காசு கொடுத்து எடுக்கும் கணிப்பு, அதுவும் போட்டிக் கட்சிக்காரன் சொல்லவில்லை, சொந்தக் கட்சிக்காரனே அதைக் கையில் எடுத்துக்கொண்டு பதவியில் இருக்கிற பிரதமரை நோக்கி நீட்டுகிறார். அதை யாரும் விசித்திரமாகவே பார்க்கவில்லை. மக்கள் தீர்ப்பு மாதிரியே அதைப் பேசினார்கள்.

ஆனால் அந்த 30 என்ற எண் டர்ன்புல்லைச் சும்மா விடவில்லை. அவர் பிரதமரான ஒரு வருடத்துக்குள் அவருடைய எண்களும் சரிய ஆரம்பித்தன. 20-ஐத் தாண்டியதும் பத்திரிகைகள் எண்ண ஆரம்பித்துவிட்டன, 25, 26, 27 என்று. கணிப்பில் என்ன வந்தது என்பதைவிட எத்தனையாவது என்பதுதான் செய்தி. அந்த எண்ணைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று டர்ன்புல்லே வருத்தப்பட வேண்டியதாயிற்று. 2018 ஏப்ரல் 9 அன்று 30-வது தோல்வி வந்தது. அபாட் அந்தச் சமயம் ஒரு அறக்கொடைச் சைக்கிள் பயணத்தில் நிலக்கரி வட்டாரமான லட்ரோப் பள்ளத்தாக்குப் பக்கம் ஓட்டிக்கொண்டிருந்தார். கேமராக்காரர்கள் அங்கேயும் போய் நின்றார்கள், சும்மாவா விடுவார்கள்.

இதில் நான் கவனித்த ஒன்று. அபாட்டின் கடைசிக் கணிப்பில் அவர் தரப்பு 46, எதிர்த்தரப்பு 54. டர்ன்புல்லின் 30-வது கணிப்பில் 48-52. முதலாவது படுதோல்வி, இரண்டாவதை ஒரு நல்ல பிரச்சாரத்தில் பிடித்துவிடலாம். ஆனால் 'எத்தனை தடவை தோற்றார்' என்று எண்ணும்போது இரண்டும் ஒன்றுதான், இரண்டுக்கும் ஒரு கோடு. 1,500 பேர் கணிப்பில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய இரண்டரை சதவீதம் பிழை இருக்கலாம் என்பது பாடப்புத்தகக் கணக்கு. ஒரே ஒரு கணிப்பை எடுத்தால் 49-51 என்பது தோல்வியா என்றே சொல்ல முடியாது. அதே திசையில் 30 முறை வந்தால் அது தற்செயல் இல்லை, அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். டர்ன்புல் பின்தங்கித்தான் இருந்தார். எவ்வளவு பின்தங்கியிருந்தார் என்ற கேள்வியைத்தான் அந்த எண்ணிக்கை அழித்துவிட்டது.

2018 ஆகஸ்டில் எரிசக்திக் கொள்கையில் கட்சிக்குள் சண்டை வெடித்தது. 21-ஆம் தேதி தலைமைக்குப் போட்டியிட்ட தன் அமைச்சர் பீட்டர் டட்டனை 48-35 என்று டர்ன்புல் சமாளித்தார், 24-ஆம் தேதி ஆள் போய்விட்டார், ஸ்காட் மாரிசன் வந்தார். அடுத்த நியூஸ்போல் என்ன சொன்னது தெரியுமா? எதிர்க்கட்சியான லேபருக்கு 56, ஆளும் தரப்புக்கு 44. கணிப்பு மோசம் என்று தலைவரை மாற்றினார்கள், மாற்றியதும் கணிப்பு இன்னும் மோசமானது.

இந்த ஆட்டத்தை அங்கே உச்சத்துக்குக் கொண்டுபோனது லிபரல் கட்சி மட்டும் இல்லை. 2010-இல் லேபர் கட்சி தன் பிரதமர் கெவின் ரட் விஷயத்தில் செய்ததுதான் எனக்கு இன்னும் பெரிய பாடமாகப் படுகிறது. 2007-இல் பெரிய வெற்றி, நீண்ட நாள் வானத்தில் பறந்த எண்கள். பருவநிலை மாற்றம்தான் நம் தலைமுறையின் பெரிய அறவழிச் சவால் என்று பேசியவர். கார்பன் வெளியேற்ற வர்த்தகத் திட்டத்தை மேலவையான செனட் இரண்டு முறை தோற்கடித்தது, கோபன்ஹேகன் பருவநிலை மாநாடு பிசுபிசுத்தது, அந்தத் திட்டத்துக்கு மக்களிடம் இருந்த ஆதரவும் குறைய ஆரம்பித்தது. கட்சிக்குள் இருந்த ஆய்வுக்காரர்கள் பயந்தார்கள். 2010 ஏப்ரல் 27 அன்று ரட் திட்டத்தைத் தள்ளிப்போட்டார். அடுத்த நியூஸ்போலில் அவருடைய செயல்பாட்டில் திருப்தி என்றவர்கள் 50-லிருந்து 39 ஆனார்கள். இரண்டு வாரத்தில் 11 புள்ளி.

ஏன் இப்படி? கணிப்பில் கேட்ட கேள்வி, இந்தத் திட்டம் பிடிக்கிறதா என்பது. இந்தத் திட்டத்துக்காக உயிரைக் கொடுப்பேன் என்றவர் அதைத் தூக்கிப்போட்டால் அவரைப் பற்றி என்ன நினைப்பீர்கள் என்று யாரும் கேட்கவில்லை, அப்படிக் கேட்டாலும் நடப்பதற்கு முன்னால் மக்களுக்கே பதில் தெரியாது. கணிப்பைப் பார்த்துக் கொள்கையை மாற்றுகிறவர்கள் திரும்பத் திரும்ப விழும் குழி இதுதான். தன் கொள்கையைப் பிடிக்காதவர்கள் எத்தனை பேர் என்று தெரிந்துகொள்கிறார்கள், அதை விட்டால் தன்னையே மதிக்காமல் போகிறவர்கள் எத்தனை பேர் என்று தெரியாமலே விட்டுவிடுகிறார்கள்.

ஜூன் 24 அன்று ரட் போய் ஜூலியா கில்லார்ட் வந்தார். ரட் நீக்கப்படுவதற்குச் சில நாள் முன்பு வந்த கடைசி நியூஸ்போலில் லேபர் 52-48 என்று முன்னணியில் இருந்தது. ஆமாம், ஜெயித்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் எப்படித் தூக்கினார்கள்? ஊசலாடும் தொகுதிகளில் கட்சி தனியாக எடுத்த கணிப்பு என்று ஒன்று எம்.பி.க்களிடையே சுற்றியது. பொதுவில் வந்த கணிப்பு தலைவரைத் தூக்க நினைப்பவர்களுக்குச் சாதகமாக இல்லையென்றால் உள்கணிப்பு என்று ஒன்று எப்போதும் இருக்கும், அதை யாரும் முழுதாகப் பார்த்திருக்க மாட்டார்கள், பார்த்தவர்கள் சொல்லும் எண்தான். ஆகஸ்ட் 21 தேர்தலில் இரண்டு தரப்புக்கும் தலா 72 இடம், கில்லார்ட் சுயேச்சைகளையும் பசுமைக் கட்சியையும் பிடித்துத்தான் ஆட்சியமைத்தார். 2013-இல் கில்லார்டின் எண்கள் சரிந்ததும் அதே ரட்டைத் திரும்பக் கூட்டிவந்தார்கள். செப்டம்பரில் தோற்றார்கள்.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். கணிப்புதான் இந்த மூன்று பேரையும் வீழ்த்தியதா? என் பார்வையில் அப்படிச் சொல்வது பாதிதான் சரி. ரட்டுடன் வேலை செய்ய முடியவில்லை என்று அவருடைய அமைச்சர்களே பின்னால் வெளிப்படையாகப் பேசினார்கள். அபாட், முடியாட்சியை விட்டுக் குடியரசாகலாம் என்ற பேச்செல்லாம் இருக்கிற ஒரு நாட்டில், அதுவும் 2015 ஆஸ்திரேலியா தினத்தன்று, பிரிட்டன் இளவரசர் ஃபிலிப்புக்கு சர் பட்டம் கொடுத்துத் தன் கட்சிக்காரர்களையே தலையில் அடித்துக்கொள்ள வைத்தவர். டர்ன்புல்லைக் கட்சியின் வலதுசாரிகளுக்கு முதல் நாளிலிருந்தே ஆகாது. கோபம், பொறாமை, கொள்கைச் சண்டை எல்லாம் முன்பே இருந்தது. தலைவரின் எண் மேலே இருக்கிற வரைக்கும் வாயைத் திறக்க முடியாது. கீழே வந்ததும், அதுவரை 'எனக்கு இவரைப் பிடிக்கவில்லை' என்று இருந்தது 'மக்களுக்கு இவரைப் பிடிக்கவில்லை' என்று ஆகிவிடுகிறது. சதி என்று யாரும் சொல்ல முடியாத ஒரு நல்ல சாக்கு.

இன்னொரு பக்கம் பச்சையான சுயநலம். மால்கம் மெக்கராஸ் என்ற தேர்தல் ஆய்வாளர் பிரபலமாக்கிய ஊசல் படம் ஒன்று உண்டு, எந்தத் தொகுதி எத்தனை சதவீத மாற்றத்தில் கைமாறும் என்று வரிசையாக அடுக்கியிருக்கும். கணிப்பு வந்ததும் பின்வரிசை எம்.பி. அதை எடுத்துப் பார்ப்பார். நம் தரப்புக்கு 4 சதவீதம் சரிவு, என் தொகுதியில் வித்தியாசம் 3 சதவீதம், அப்படியானால் என் வேலை போச்சு. தலைவரை மாற்றுவோமா என்று யாராவது போன் செய்தால் அவர் ஏன் மறுக்கப் போகிறார், வீட்டுக்கடன் கட்ட வேண்டாமா?

ஊடகத்துக்கு வருவோம். ஒரு நிருபரை நான்கு மாதம் ஊர் ஊராக அனுப்பிச் செய்தி எடுப்பதோடு ஒப்பிட்டால் கணிப்பு மலிவு, குறித்த தேதியில் வரும், நம்மிடம் மட்டுமே இருக்கும், மற்ற எல்லா ஊடகமும் நம் பெயரைச் சொல்லித்தான் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அப்புறம் அந்த எண்ணுக்கு விளக்கம் எழுத ஆரம்பிக்கிறார்கள். ஒரு புள்ளி ஏறினால் பட்ஜெட் எடுபட்டது, ஒரு புள்ளி இறங்கினால் நேர்காணலில் உளறியதன் விளைவு. அந்த ஒரு புள்ளி பிழை எல்லைக்குள் இருக்கிறது என்பது கடைசிப் பத்தியில் சின்னதாக வரும், வந்தால். ஒரு வரிச் சட்டம் வருகிறது என்றால் யாருக்கு என்ன செலவு என்று எழுத ஆள் படிக்க வேண்டும், 'இது பிரதமரைக் காப்பாற்றுமா' என்று எழுத எதுவும் படிக்க வேண்டாம். அரசியல்வாதியும் மைக் முன்னால் "நான் கணிப்புகளைப் பற்றிக் கருத்துச் சொல்வதில்லை" என்பார், அதே ஆள் உள்ளே போய் அதைத் தவிர வேறெதுவும் பேச மாட்டார்.

இந்த எண்களின் மேல் கட்டிய வீடு 2019 மே 18 அன்று இடிந்தது. கடைசி நியூஸ்போல் லேபருக்கு 51.5, ஆளும் தரப்புக்கு 48.5 என்றது. முடிவு அப்படியே தலைகீழ், ஆளும் தரப்புக்கு 51.5, லேபருக்கு 48.5. ஸ்போர்ட்ஸ்பெட் என்ற பந்தய நிறுவனம் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பே லேபர் மேல் கட்டியவர்களுக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டது, அவ்வளவு நம்பிக்கை. பிழை மூன்று புள்ளிதான், அது உலகில் நடக்காத விஷயம் இல்லை. எல்லா நிறுவனங்களின் எண்ணும் 51, 51.5, 52 என்று ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்ததுதான் சந்தேகத்தைக் கிளப்பியது. தனித்தனியாகச் சீட்டுக் குலுக்கினால் சிதறல் இருக்க வேண்டும். இயற்பியலில் நோபல் வாங்கிய பிரையன் ஷ்மிட், அப்போது ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத் துணைவேந்தர், 16 கணிப்புகள் இவ்வளவு நெருக்கமாக வருவதற்கு வாய்ப்பு லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று கணக்குப் போட்டுச் சொன்னார். யாரோ எங்கேயோ, தெரிந்தோ தெரியாமலோ, பக்கத்து ஆளின் விடைத்தாளைப் பார்த்துத் திருத்தியிருக்கிறார்கள்.

அதனால் என்ன ஆயிற்று என்பதைக் கவனியுங்கள். ஜெயிக்கப் போகிறோம் என்ற நினைப்பில் லேபர் தலைவர் பில் ஷார்ட்டன், பங்கு முதலீட்டாளர்களுக்குத் திருப்பிக் கொடுக்கும் வரிப்பணத்தைக் குறைப்பது, வீட்டு முதலீட்டு வரிச்சலுகையை வெட்டுவது என்று பெரிய பெரிய திட்டங்களை முன்கூட்டியே அறிவித்து உட்கார்ந்திருந்தார். பத்திரிகைகளும் அவரை நாளைய பிரதமராக நடத்தி, அவர் திட்டங்களை மட்டும் துருவின. மாரிசன் என்ன செய்யப் போகிறார் என்று அந்த அளவுக்கு யாரும் துருவவில்லை, போகிற ஆள்தானே என்று. தேர்தலுக்குப் பின் லேபர் கட்சி எடுத்த ஆய்வறிக்கையே, வெற்றி நிச்சயம் என்ற எதிர்பார்ப்பில் உத்தியையும் கொள்கைகளையும் யாரும் கேள்வி கேட்கவில்லை என்று ஒப்புக்கொண்டது. கணிப்பு வாக்காளரை மாற்றியதா என்பது வேறு விவாதம். பிரச்சாரம் நடந்த விதத்தையும் அதை எழுதிய விதத்தையும் மாற்றியது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆஸ்திரேலியா மட்டும் இப்படியா என்றால் இல்லை. 2014 செப்டம்பரில் ஸ்காட்லாந்து தனிநாட்டு வாக்கெடுப்புக்குப் பத்து நாள் இருக்கும்போது, யூகவ் கணிப்பு ஒன்று பிரிவினைத் தரப்பு 51-49 என்று முந்திவிட்டதாகச் சொன்னது. ஒரே ஒரு கணிப்பு. அந்த வாரமே லண்டனின் மூன்று பெரிய கட்சித் தலைவர்களும் நாடாளுமன்றக் கேள்வி நேரத்தை விட்டுவிட்டு ஸ்காட்லாந்துக்கு ஓடினார்கள். வாக்கெடுப்புக்கு இரண்டு நாள் முன்பு, ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்கு இன்னும் அதிகாரம் தருகிறோம் என்று மூவரும் கையெழுத்துப் போட்டு டெய்லி ரெக்கார்ட் பத்திரிகையின் முதல் பக்கத்தில் உறுதிமொழி வந்தது. முடிவில் பிரிய வேண்டாம் என்றவர்கள் 55 சதவீதம். கணிப்பு தவறாக இருந்திருக்கலாம், கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்க முடியவில்லை, அதிகாரம் போய்ச் சேர்ந்தது.

நம்ம ஊர். இங்கே ஆட்டம் வேறு மாதிரி. இரண்டு வாரத்துக்கு ஒரு தேசியக் கணிப்பு என்ற பழக்கம் இல்லை. கட்சிகள் காசு கொடுத்துத் தொகுதிவாரியாக எடுக்கும் சர்வேதான் உண்மையில் முடிவுகளை நகர்த்துகிறது, யாருக்கு சீட், எந்தத் தொகுதியைக் கூட்டணிக்குத் தள்ளிவிடலாம், யாருடைய பெயருக்கு எதிர்ப்பு என்று. அது வெளியே வராது, வந்தால் யாரோ எதற்கோ கசியவிட்டிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் கூட்டணிப் பேரத்துக்கு. வெளியே நமக்குக் கிடைப்பது டிவி கணிப்பும் எக்சிட் போலும்.

வாக்கு சதவீதத்தைச் சரியாகப் பிடித்தாலும் சீட் எண்ணிக்கையாக மாற்றும்போது நம் தேர்தல் முறையில் சறுக்கிவிடும். 2016 தமிழ்நாடு நினைவிருக்கிறதா? பெரும்பாலான எக்சிட் போல்கள் திமுக பக்கம் சாய்ந்தன. இரண்டு அணிக்கும் இடையே வித்தியாசம் சுமார் ஒரு சதவீதம், ஆனால் அதிமுகவுக்கு 134, திமுக அணிக்கு 98. ஒரு சதவீதத்தைப் பிடிக்கிற வலை எந்தக் கணிப்பிலும் கிடையாது. 2004-இல் மூன்று மாநிலங்களை ஜெயித்த சூட்டிலும் நல்ல எண்களின் தெம்பிலும் வாஜ்பாய் அரசு தேர்தலை முன்கூட்டியே வைத்துத் தோற்றதும் தெரிந்த கதைதான்.

2024-இல் சூதாட்டம் வேறு சேர்ந்துகொண்டது. ஜூன் 1 மாலை எக்சிட் போல்கள் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350, 400 என்று அடித்துவிட்டன. ஜூன் 3 திங்கட்கிழமை சென்செக்ஸ் 2,500 புள்ளி ஏறியது. 4-ஆம் தேதி கூட்டணிக்கு 293, பாஜகவுக்குத் தனியாக 240 என்று வந்ததும் ஒரே நாளில் 4,390 புள்ளி விழுந்தது. அதில் பணம் விட்டவர்களில் டிவியைப் பார்த்து வாங்கிய சின்ன ஆட்கள் எத்தனை பேரோ.

தடை செய்துவிடலாமே என்பீர்கள். எக்சிட் போலை வாக்குப்பதிவு எல்லாக் கட்டமும் முடியும்வரை வெளியிடக் கூடாது என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஏ பிரிவு ஏற்கெனவே இருக்கிறது, மற்ற கணிப்புகளுக்கு வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம்தான் தடை. 2013-இல் கருத்துக்கணிப்புக்கும் கட்டுப்பாடு வேண்டுமா என்று தேர்தல் ஆணையம் கட்சிகளிடம் கேட்டபோது காங்கிரஸ் வேண்டும் என்றது, பாஜக கூடாது என்றது. அந்தச் சமயத்துக் கணிப்புகளில் யார் முன்னால் இருந்தார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. என்னைக் கேட்டால் தடையில் பயனில்லை. தடுத்தால் கட்சிகளிடமும் பணக்காரர்களிடமும் அந்த எண் இருக்கும், நம்மிடம் மட்டும் இருக்காது. யார் காசு கொடுத்தது, என்ன கேள்வி என்ன வார்த்தையில் கேட்டார்கள், எத்தனை பேரை எப்படிப் பிடித்தார்கள், பதில் சொல்ல மறுத்தவர்கள் எத்தனை பேர், இதையெல்லாம் எண்ணோடு சேர்த்து அச்சிட வைப்பதுதான் நியாயம்.

ஆஸ்திரேலியாவில் கடைசியில் கட்சிகளே விதியை மாற்றிக்கொண்டன. லேபரில் பதவியில் இருக்கும் பிரதமரை நீக்கத் தொடங்கவே 75 சதவீத எம்.பி.க்கள் கையெழுத்துப் போட வேண்டும், லிபரலில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். ஒரு மோசமான ஞாயிறு இரவுக்கு இனி அவ்வளவு பலம் இல்லை. கணிப்புக்காரர்களும் தங்களைத் தாங்களே விசாரித்துக்கொண்டார்கள். அரசியலில் ஆர்வம் உள்ளவர்களும் அதிகம் படித்தவர்களும் தங்கள் மாதிரியில் அளவுக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள் என்று விசாரணையில் வந்தது. கணிப்புக்குப் பொறுமையாகப் பதில் சொல்கிற ஆளே கொஞ்சம் அபூர்வப் பிறவிதானே. நியூஸ்போல் தானியங்கிப் போன் அழைப்பை விட்டுவிட்டு ஆன்லைனுக்குப் போனது. எனக்கும் அங்கே இருந்தபோது அப்படி ஒரு தானியங்கி அழைப்பு வந்திருக்கிறது, யாருடையது என்று தெரியாது. லேபர் என்றால் ஒன்றை அழுத்தவும் என்பதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிட்டது, வைத்துவிட்டேன்.